எங்கட வாடி

குறிஞ்சிப்பிட்டி,
11.02.2024

மதிப்புக்குரிய சட்டத்தரணி றோசமேரி மிஸ் அவர்களுக்கு,

சுகமாகக் கொழும்பு போய்ச் சேர்ந்திருப்பீர்கள். இலவச சட்ட உதவி என்று பள்ளிவாசல் மண்டபத்துக்கு வந்த அன்று நான் முதலில் கண்டது, நாங்கள் துடைத்துப் போட்ட கதிரையில் நீங்கள் கைலேஞ்சி விரித்து உட்கார்ந்ததைத்தான்.

ஹோட்டல்காரன் கடற்கரைக் காணி தன்னுடையது என்று வழக்குப் போட்டதும், "எங்கட வாடிய உட்டு எழும்பச் சொல்றாங்க மிஸ்" என்று உம்மா அழுதார். நீங்களோ 'பருவத்துக்கு வந்துபோகும் மீன்வாடி' என்று கோட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். வாப்பா மன்னாரிலிருந்து வந்து இறங்கியபோது அது வாடிதான். பிறகு கல்வீடாக்கினார். பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அன்றே சொல்ல வாயெடுத்தேன். "தங்கச்சி, பெரியவங்க பேசட்டும்" என்றீர்கள். வந்துபோகிறவர்களுக்குக் காணியில் என்ன உரிமை? தயவுசெய்து திருத்துங்கள்.

றஹ்மத் உம்மாவின் மகள்,
ஸஹ்னா

கொழும்பு,
26.02.2024

அன்புள்ள தங்கச்சி,

உன் கையெழுத்து மிக அழகு. பள்ளிக்கூடத்தை விட்டிருக்கக் கூடாது.

நாங்கள் சம்பளமில்லாமல், ஞாயிற்றுக்கிழமைகளையும் கொடுத்து வேலை செய்கிறோம். சட்ட விஷயத்தை எங்களிடம் விடு. வாடி என்றால் தற்காலிகக் கொட்டில்தான். உன் உம்மா சொன்னதைத்தான் எழுதினேன். கோட்டில் அவர் பேசாமல் நின்றால் போதும்.

மண்டபத்தில் எடுத்த படத்தை எங்கள் முகநூலில் போட்டிருக்கிறோம். பார்த்து மகிழுங்கள்.

அன்புடன்,
றோசமேரி

குறிஞ்சிப்பிட்டி,
20.03.2024

றோசமேரி மிஸ்ஸுக்கு,

படம் பார்த்தோம். உம்மாவின் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறீர்கள். அந்தக் கையை அன்று படமெடுத்ததும் எடுத்துவிட்டீர்கள். ஆனாலும் உம்மா நன்றி சொல்லச் சொல்கிறார். சும்மா உதவுகிறவர்களைக் குறை சொல்லக் கூடாதாம்.

நேற்று உங்களுக்குப் பதிலாக ஒரு சட்டத்தரணி சேரை அனுப்பியிருந்தீர்கள். பைலைத் திறந்துதான் உம்மாவின் பெயரையே தெரிந்துகொண்டார். "இது பருவ வாடியா?" என்று நீதிபதி கேட்டார். சேர் வேகமாகத் தலையாட்டினார். மொழிபெயர்க்கும் முதலியார் அதைத் தமிழில் திருப்பிக் கேட்க, உம்மாவும், "ஓம் ஐயா, எங்கட வாடிதான்" என்றார். ஹோட்டல்காரனின் லோயர் பேனையை மூடிவிட்டார்.

நான் பின்வரிசை வாங்கிலிருந்து எழும்பினேன்.

"அது எங்கட ஊடு. நான் பொறந்த ஊடு."

"குந்து பிள்ள!" என்றார் பொலிஸ்காரர். "சும்மா லோயர் கிடைச்சவங்களுக்கும் வாயப் பாரு!"

நீதிபதி அவரைக் கையால் அமர்த்திவிட்டு, எங்களுக்கு யார் சட்டத்தரணி என்று கேட்டார். சேர் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார்.

"ஒருத்தரும் இல்ல" என்றேன்.

ஸஹ்னா