சாவுப் பக்கத்தின் பின்புறம்

பதுளை, 1918 நவம்பர் 20

தஞ்சாவூரில் நம் மராட்டி மாசப் பத்திரிகை நடத்தும் பாபுராவ் அவர்களுக்கு, தையல்கார ராமோஜி கும்பிட்டுச் சொல்லி எழுதுவது.

சண்டை ஓய்ந்ததென்று சர்க்கார் கச்சேரியில் கொடி ஏற்றினார்களே, இந்த மாதந்தான் விஷக்காய்ச்சல் எங்கள் தெருவுக்குள் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. கடைக்காரர் பலீல் தமிழில் எழுதுகிறார். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சட்டை தைக்க வந்த நம்மவர் ஆறு வீடு. நாலு பூட்டிக் கிடக்கிறது. என் சம்சாரம் யமுனாவும் போய்விட்டாள். எனக்கும் இருமல்.

மகன் விட்டல் என்னோடு கோபித்துக்கொண்டு, தாயில்லாத பிள்ளை லீலாவை இங்கே விட்டு, பம்பாய்க்குப் போனான். விலாசம் இல்லை. ஆனால் எங்கிருந்தாலும் நம் பத்திரிகை வாங்குவான். "அப்பாவுக்குக் கோபம் இல்லை, பிள்ளையை வந்து கொண்டுபோ" என்று அதில் போடுங்கள்.

இப்படிக்கு,
ராமோஜி, கைரேகை


தஞ்சாவூர், டிசம்பர் 18

ராமோஜி காகாவுக்கு நமஸ்காரம்.

தங்கள் சம்சாரம் யமுனா காகுவின் மறைவையும், விட்டலுக்கான அழைப்பையும் இந்த இதழில் போட்டிருக்கிறேன். தைரியமாக இருங்கள்.

தங்கள்,
பாபுராவ்


பதுளை, 1919 ஜனவரி 3

ராவ்ஜி, என்ன காரியம் செய்தீர்கள்!

பத்திரிகையை வாசித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுத் துக்கோபா, சாவுப் பக்கத்தில் யமுனா பேரைப் படித்ததும் வழக்கப்படி தாளைக் கிழித்து வெளியே எறிந்தார். இழவுச் சேதியை வீட்டில் வைப்போமா?

"எம்மவன் சேதி எங்கப்பா?" என்றேன்.

"ஐயோ, பின்னாடி இருந்திருக்குமோ!" என்று மழையில் ஓடினார். கூழாகிக் கிடந்த தாளின் பின்புறம் விட்டல் பேரில் பாதி இருந்ததாம். பம்பாயிலும் நம் ஜனங்கள் இதைத்தானே செய்திருப்பார்கள்? கல்யாணப் பக்கத்தில் போடுங்கள், ஐயா. அதைத்தான் மஞ்சள் தடவி வைத்திருப்பார்கள். சீக்கிரம்.

ராமோஜி


தஞ்சாவூர், ஜனவரி 24

காகா, மன்னியுங்கள். அங்கே இடம் இருந்தது, போட்டுவிட்டேன், யோசிக்கவில்லை. இப்போது கல்யாணப் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. காகிதம் கிடைக்கவில்லை, வாங்கினவர்களிலும் பாதிப்பேர் காய்ச்சலில் போய்விட்டார்கள். இதுதான் கடைசி இதழ்.

பாபுராவ்


பதுளை, மார்ச் 2

ராவ்ஜிக்கு,

இதழ் வந்தது. வாசிக்கத் துக்கோபா இல்லை, பலீலுக்கு மராட்டி எழுத்துத் தெரியாது. கல்யாணப் பக்கம் எதுவென்று தெரியாமல் எல்லாப் பக்கத்திலும் மஞ்சள் தடவிவிட்டேன்.

விட்டல் வரவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் லீலா தெருமுனைக்கு ஓடுகிறாள். கஞ்சி கொண்டுவரும், தோட்டக் கூலிகளின் லயத்து ரெங்கம்மா, "புள்ளைய நான் வச்சுக்கிறேங்க பெரியவரே, நீங்க ஒறங்குங்க" என்கிறாள். நல்லவள். ஆனால் அங்கே லீலாவிடம் நம் மராட்டிப் பேச்சுப் பேச யார்? நீங்கள் வந்து கூட்டிப்போங்கள்.

பத்திரிகை வாங்குகிறவர் புத்தகத்தில் பதுளை என்று போட்டு ஆறு வீட்டுப் பேர் எழுதியிருப்பீர்களே, அதெல்லாம் அடித்துவிடுங்கள். துக்கோபா போனார். அவர் வீட்டுச் சக்குபாயும் போனாள். என்னைக் கணக்கில் வைக்காதீர்கள், இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் முடிந்துவிடும்.

இருப்பது லீலா.