கோட்டின் உள்துணியில் ஒரு கத்தி

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லோரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமா, என் மேல் இருக்கிற கோபம் கொஞ்சமாவது இறங்கியதா என்று எழுது. இங்கே என்னிடம் விட்டுப் போன உன் மகள் நன்றாகச் சாப்பிடுகிறாள், அதைவிட நன்றாகப் பேசுகிறாள். உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டு, "பாட்டி, நீங்க ரவுடியா?" என்று கேட்டாள். கடை வாசலில் தைத்த துணி வாங்க நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆமாம், உன் கோட்டில் கத்தியை நான்தான் வைத்தேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து எவனோ இரண்டு நாள் பின்னாலேயே வந்தான் என்று நீ சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. லீவில் வந்தபோது கோட்டின் கையை இறக்கித் தரச் சொன்னாயே, அப்போதுதான் உள்துணியில் சின்னதாக ஒரு பை தைத்து, விரல் நீள மடக்குக் கத்தியைப் போட்டு, பட்டனும் வைத்தேன். நேரில் சொன்னால் வேண்டாம் என்பாய், போய்ச் சேர்ந்ததும் போனில் சொல்லலாம் என்று இருந்தேன், போன் செய்யும்போதெல்லாம் மாப்பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அதற்குள் உனக்குக் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைக்கும், அதன் வாசலில் இரும்பைக் கண்டால் கத்துகிற கதவு இருக்கும், அதில் நீ மாட்டுவாய் என்று நான் என்ன கனவா கண்டேன்? வைத்தவள் கைப்பட எழுதித் தந்தால்தான் உன் வேலை நிலைக்கும் என்று உன் அதிகாரி சொன்னதாகப் படித்ததும் தையலை அப்படியே போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

பட்டன் கடைக்காரி, நூல் வெட்டும் கத்தியைத் தெரியாமல் உள்ளே வைத்துத் தைத்துவிட்டேன் என்று எழுது அக்கா என்றாள். பை தைத்து, காஜா எடுத்து, பட்டனும் வைத்துவிட்டுத் தெரியாது என்றால் எந்தத் தையல்காரி நம்புவாள்? அதனால் அந்தப் போலீஸ்காரரிடமே போனேன். பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, பேன்ட் அரை அங்குலம் குட்டை என்று நாலு பேர் முன்னால் சொன்னாரே, அவரேதான். அதை நான் மன்னிக்கவில்லை, உனக்காகப் போனேன். அவர், "வெங்காயம் நறுக்க வச்சிருந்தா அது கத்திம்மா. எவனையாவது குத்த வச்சிருக்கேன்னா அது ஆயுதம். சின்னதுதானேன்னு சொல்லித் தப்பிக்க முடியாது" என்றார். ஊருக்கு ஊர் சட்டம் மாறுமாம், உன் ஊரில் எப்படி என்று அங்கேயே கேட்டுக்கொள்.

ஆபத்துக்கு உதவாதா என்று நான் விடாமல் கேட்டேன். அவர் என் கடைக்கே வந்து, அதே மாதிரி உள்பை தைத்த ஒரு கோட்டை என்னை மாட்டச் சொல்லி, கத்திக்குப் பதில் சாக்கட்டியை உள்ளே வைத்து, நான்தான் திருடன், எடுங்க பார்ப்போம் என்றார். தைத்தவள் நானே, பட்டனைத் தேடிக்கொண்டு நிற்கிறேன், மனிதர் என் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்து என் டீயையும் குடித்துவிட்டார். கடைசியில் எப்படியோ எடுத்தேன், அதையும் பிடுங்கி என் சட்டைக் கையில் கோடு போட்டுவிட்டு, "இது கத்தியா இருந்தா?" என்றார். உன் மகள் கை தட்டினாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் பின்னால் வந்த அந்தப் பாவி நிஜமாகவே பாய்ந்திருந்தால், நான் தைத்துக் கொடுத்ததை வைத்தே உன்னை வெட்டியிருப்பான்.

இத்துடன் தனித் தாளில் உன் அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். "ஐயா, கத்தியை வைத்தது நான். மகளுக்குத் தெரியாது. பயத்தில் வைத்தேன், தப்பு என்னுடையது, கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்." அவ்வளவுதான். நான்கு தாள் கிழித்த பிறகு எழுதியது, எழுத்துப் பிழை இருந்தால் நீ திருத்தாதே.

இனி பேருந்து நிறுத்தத்திலிருந்து நீ குறுக்கே வருகிற அந்தச் சந்து வேண்டாம், சுற்றினாலும் கடைகள் இருக்கிற தெரு வழியாகப் போ, கூட வேலை செய்கிற பெண்ணோடு சேர்ந்து வா. எவனாவது மறுபடி பின்னால் வந்தால் கடைக்குள் நுழைந்து கத்து. உனக்கு இருப்பது என் தொண்டை, மூன்று தெருவுக்குக் கேட்கும். முதலில் போலீசில் ஒரு புகார் எழுதிக் கொடு.

வேலை நிலைத்து, நிம்மதியாக நூறு வருஷம் இரு. மறக்காமல் ஒன்று செய். அன்றைக்கு மாப்பிள்ளையின் கோட்டையும் நான்தானே கை இறக்கித் தந்தேன். அவர் அதை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்புவதற்குள் இடது பக்க உள்துணியைப் பிரித்துவிடு. அவரிடம் என்ன சொல்வது என்பது உன் பாடு.

என்றும் உன் நினைப்பில்,
உன் அம்மா