அட்டைக்கு இரங்கிய சாமி

சோலை மடத்துச் சாமிக்கு,

கைக்குழந்தையாக நீங்கள் விட்டுப்போன மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அப்பாவை நேரில் அழைக்க வேண்டுமென்று அவள் அடம்பிடித்ததால்தான் வண்டிப்பெரியாரிலிருந்து வட்டவடைக்கு வந்து, வனத்துறையிடம் அனுமதி வாங்கி, அந்த ஈரக் காட்டுக்குள் ஏறினோம். நீங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்ட பழைய மடம், சுவரெல்லாம் பாசி. ஒளிந்துகொள்ள நல்ல இடம்தான்.

வாசலில் அவள் காலில் அட்டை ஏறியது. பிய்த்து நசுக்கப் போனாள். நீங்கள் ஓடி வந்தீர்கள்.

“கொல்லாதம்மா. அதுவும் ஒரு உயிருதான்.”

அட்டையைப் பூப்போல எடுத்து இலையில் விட்டு நிமிர்ந்தீர்கள். என்னைப் பார்த்ததும் உங்கள் முகம் வெளுத்தது. உள்ளே திரும்பினீர்கள்.

“இந்தச் சாமிகிட்டயே அப்பாவ விசாரிப்போமாம்மா?” என்றாள் அவள். அது உங்கள் காதில் விழுந்தது. நீங்கள் நிற்கவில்லை.

“வேணாம்டி. இவருக்கு மனுசங்க யாரையும் தெரியாது” என்றேன். அவளை வெளியே நிறுத்திவிட்டு, விசாரிப்பதுபோல் நான் மட்டும் உள்ளே போய் வந்தேன்.

ஜீப்பில் திரும்பும்போது, நீங்கள் செத்துப்போனதாக மடத்தில் சொன்னார்கள் என்று சொல்லிவிட்டேன். மூணாறு வரும்வரை அழுதாள். அந்த அழுகைக்குக்கூட நீங்கள் லாயக்கில்லை.

கல்யாணத்துக்கு வந்து நின்று பிள்ளையைப் பயமுறுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்