பச்சைக் கையுறை

ஐடஹோ, 9 நவம்பர் 1953

அன்புள்ள ஓபல்,

உன் இருமல் தேவலையா? விறகு வந்து சேர்ந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

இங்கே அரசு மீன்பண்ணையில் டிரவுட் மீன்களுக்கு வந்திருப்பது கொப்புள நோய்தான் என்று சோதித்துச் சொல்லிவிட்டேன். நாற்பதாயிரம் மீன்களையும் கொன்று, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தாயிற்று. தொட்டித் தண்ணீர் பட்ட துணிமணி எல்லாவற்றையும் எரிக்க வேண்டும் என்று உத்தரவு எழுதியவன் நான். ஆகவே நீ பின்னித் தந்த பச்சைக் கையுறையும் நெருப்புக்குள் போனது. கூட வேலை செய்யும் ஆர்வில் சும்மா இருப்பானா?

"ஏன்யா, பொண்டாட்டி பின்னினதுக்குக்கூடச் சலுகை கிடையாதா?"

"அதுக்குக் குடுத்தா உன் நாத்தம் புடிச்ச தொப்பிக்கும் குடுக்கணும்டா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

நோய் கண்ட பண்ணையிலிருந்து நோயில்லாத பண்ணைக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதும் நான் எழுதியதுதான். நம் வீடு இருப்பதோ நோயில்லாத பண்ணைக்குள்; கதவைத் திறந்தாலே மீன்தொட்டிகள். அதனால் கிறிஸ்துமஸுக்கு வருவதற்கில்லை. மார்ச் வரை பொறுத்துக்கொள்.

முடிந்தால் இன்னொரு ஜோடி பின்னி அனுப்பு. அதே பச்சையாக இருக்கட்டும். கடையில் வாங்கியது கைக்குச் சேரவில்லை.

கிருமி கொல்லும் பார்மலின் மருந்தில் கை கழுவிவிட்டுத்தான் எழுதுகிறேன். வாடை அடித்தால் முகம் சுளிக்காதே. உன் கடிதங்கள் பதினொன்றும் என் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இந்தக் கடிதத்தை நீ வைத்துக்கொள்ள வேண்டாம், தொட்டிப் பக்கமும் கொண்டுபோகாதே. தபால் வண்டி வந்துவிட்டது. ஒன்றுக்கு இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

உன்
வெர்லின்