என் கட்டியின் மூன்று மூலைகள்

2025 மார்ச் 4, செவ்வாய்

ரிசல்ட் வந்துவிட்டது. மார்பில் இருப்பது புற்றுநோய்தான், ஆனால் சாதுவான வகையாம். அறுத்தெடுத்து, கதிர் கொடுத்து, மாத்திரை போட்டால் போதும். கீமோ வேண்டாம். டாக்டர் சுப்புராமன், நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். செங்கல்பட்டு திரும்பும் வழியில் அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கினேன்.

மார்ச் 5

கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ்ஸில் பக்கத்து சீட் தமிழ்வாணன், "இன்னா மேடம், ஸ்வீட்டு? பையனுக்கு வேல கெட்ச்சிருச்சா?" என்றார். "இல்ல, எனக்குக் கேன்சர். ஆனா சாதுவாம்" என்றேன். பாவம், எடுத்த துண்டை வாயில் போடவும் முடியாமல் திருப்பி வைக்கவும் முடியாமல் திருக்கழுக்குன்றம் வரை கையிலேயே வைத்திருந்தார்.

மார்ச் 19

நாளை ஆபரேஷன். அர்வா என்ற ஆராய்ச்சி மாணவி கையெழுத்து வாங்க வந்தாள். மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றிய ஆராய்ச்சி, மரபணுக்களின் வாயை அடக்கி வைக்கும் பொடிப்பொடி மூலக்கூறுகளாம். "ஒரே கட்டியில மூணு எடத்துல எடுப்போம் ஆன்ட்டி. எடத்துக்கு எடம் அளவு மாறுது."

அவள் போன பிறகுதான் சுருக்கென்றது. பயாப்ஸியில் எத்தனை இடத்தில் எடுத்தார்கள்? ஒரே ஓரத்தில்.

தண்ணீர்ப் பரிசோதனையில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தொட்டியின் மேல்மட்டத்தில் மட்டும் மொண்டு வந்தான் என்று ஜூனியர் கிருபாகரனின் ரிப்போர்ட்டைப் போன வாரம்கூடத் தூக்கி எறிந்தேன். என் உடம்பு என்றதும் ஏன் கேட்கவில்லை? பிடித்த பதில் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். இவ்வளவுதான் இந்தப் பிரபாவதியின் விஞ்ஞானம்.

மார்ச் 27

வலது கையைத் தூக்க முடியவில்லை. என் வீட்டுக்காரர் போட்ட காபியைக் குடிக்கவும் முடியவில்லை.

ஏப்ரல் 8

அர்வா ஃபோனில் பேசினாள். "ஒங்க மூணாவது துண்டு மத்த ரெண்டு மாதிரி இல்ல ஆன்ட்டி. இது வெறும் ஆராய்ச்சி, இத வெச்சு முடிவு பண்ணக் கூடாது. டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், நீங்களும் கேளுங்க."

"நல்லா வந்த ரிசல்ட்ட ஏன் நோண்டற?" என்றார் இவர். எனக்கும் அதேதான் தோன்றியது. அதனால்தான் இவர் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

ஏப்ரல் 9

டாக்டர், "பயாப்ஸிலயே எல்லாம் பாத்தாச்சும்மா" என்றார். "என் ஜூனியர் இப்படிச் சொன்னா சீட்டக் கிழிச்சிருப்பேன் டாக்டர்" என்றேன். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் கட்டியின் அந்த மூலையை மறுபடி சோதிக்க எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 17

மூன்றாவது மூலையில் இருப்பது வேறு ஆள். வேகமாக வளர்கிறவன். கீமோ வேண்டும்.

"நல்ல வேள கேட்டீங்க" என்கிறார் டாக்டர். நல்ல வேளையாம். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பயமா இருக்கு. ரொம்ப பயமா இருக்கு.

மே 5

முதல் கீமோ. நர்ஸ் ஜாக்குலின் இடது கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது கிருபாகரன் ஃபோன் செய்தான். "மேடம், தொட்டி ரீடிங் பிரமாதமா வந்துருக்கு. ஒங்க பேர்லயே அனுப்பிடவா?"

"எத்தன எடத்துல எடுத்த?"

"மேல... மேல மட்டும்தான் மேடம்."

"போய் இன்னும் ரெண்டு எடத்துல எடு. நான் எங்கயும் போயிட மாட்டேன்."