முன்பணம் கட்டிய சோறு

பிப்ரவரி 24, செவ்வாய்

ஆறாவது நோன்பு. நான்கு பிளவுஸ், ஒரு அபாயா தைத்து முடித்தேன். இடுப்பு விட்டுப்போச்சு.

ஜுபைர் ஆபீசிலிருந்து வந்ததும் ஒரு நல்ல சேதி சொன்னார். பெருநாள் கழிந்து இரண்டு நாள் வெளியூர் போகலாமாம். ஆந்திரா எல்லை தாண்டிப் புதிதாகத் திறந்திருக்கிற தீம் பார்க். அதை ஒட்டியே ரிசார்ட், ஒரு ராத்திரி தங்கல். பிள்ளைகள் யாசினும் அஜீசாவும் குதித்த குதியில் கீழ்வீட்டுப் பச்சையம்மா அக்கா மேலே ஏறி வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

புக் பண்ணும் வேலை வழக்கம்போல என் தலையில். போனில் பார்த்தால் ரூமுக்கு ஒரு விலை, பார்க்குக்கு ஒரு விலை, அதற்குக் கீழே 'மீல் பேண்ட்' என்று ஒரு கட்டம். முன்பே பணம் கட்டிவிட்டால் கையில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். முதல் நாள் மதியம் தொடங்கி மறுநாள் மதியம் வரை, சாயங்காலச் சிற்றுண்டியும் சேர்த்து ஐந்து வேளை, அளவில்லாமல் சாப்பிடலாம். கட்டிய பணம் திரும்பாது. தேதியும் மாற்ற முடியாது.

ஐந்து வேளை. யாரோ சமைத்து, யாரோ கழுவி வைப்பது. அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், கஞ்சி அடிப்பிடிக்கிற வாசனை வரும் வரை.

பிப்ரவரி 25, புதன்

நினைத்தபடியே ஆச்சு. ஜுபைருக்கு மீல் பேண்ட் பிடிக்கவில்லை.

அவர் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் பேப்பர் பார்க்கிறவர். கன்டெய்னர் யார்டில் நின்றால் நாளுக்கு இவ்வளவு வாடகை என்று இருபது வருஷமாகக் கணக்குப் பார்த்துப் பார்த்து, வீட்டில் பால் பாக்கெட் மிஞ்சினாலும் அதே முகத்தோடுதான் பார்ப்பார்.

"இன்னா ரூபி இது, தலைக்கு ஆயிரத்து எட்நூறா? யாசினுக்கும் ஃபுல் சார்ஜா? நாம துன்னாலும் துன்னாட்டியும் துட்டு போய்டும். யார்டுல பெட்டி நிக்கிற மாறி."

பிறகு குரலை இறக்கி, "சின்ன குக்கரை எட்த்துகினு போய்டலாம். ரூம்லயே ஒரு தக்காளி சோறு போட்டா முடிஞ்சுது" என்றார்.

மெஷினில் போய் உட்கார்ந்தேன். பதில் சொன்னால் நோன்பு நேரத்தில் வாய் நீளும்.

ஏற்காட்டுக்குப் போனோமே மூன்று வருஷம் முன்னால், அப்போதும் இதே குக்கர்தான். எல்லோரும் படகில் ஏறியபோது நான் லாட்ஜ் பாத்ரூமில் உட்கார்ந்து குக்கர் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஏரியை நான் பார்த்ததே போட்டோவில்தான். அவருக்கு ஞாபகம் இருக்கிறதா? இருக்காது. அவர் படகில் இருந்தார்.

பிப்ரவரி 27, வெள்ளி

பச்சையம்மா அக்கா காசிமேட்டில் மீன் வித்துவிட்டு வந்தவர், படியிலேயே உட்கார்ந்து தன் கதையைச் சொன்னார். போன வருஷம் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வேறொரு பார்க்குக்குப் போயிருக்கிறார்கள்.

"வஞ்சர மீன் கொழம்பு, சோறு, அல்லாத்தையும் குண்டானோட தூக்கினு போனோம். கேட்டாண்டயே பைய தொறந்து பாத்துட்டு வெளிச்சோறு உள்ள வுடமாட்டேன்னுட்டான். நாப்பது பேரும் பஸ் நிக்கிற எடத்துல வெயில்ல நின்னுகினே துன்னோம். உள்ள போய் ஒரு தண்ணி பாட்டிலு வாங்கினதுக்கே வயிறு எரிஞ்சிச்சு கண்ணு."

இதை அவர் வாயாலேயே ஜுபைரிடம் சொல்லச் சொன்னேன். சொன்னார், கூடக் கொஞ்சம் உப்பு காரம் சேர்த்தே. ஜுபைர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்.

மார்ச் 1, ஞாயிறு

பார்க்குக்கு போன் போட்டேன். கறி ஹலால்தானா என்று முதலில் கேட்டேன். கோழி, ஆடு இரண்டுக்கும் சான்றிதழ் உண்டு, கவுன்டரிலேயே மாட்டியிருக்கிறோம் என்றாள் அந்தப் பெண். ஒரு தடை தீர்ந்தது.

ஜுபைர் ஒரு தாளில் இரண்டு பக்கமும் கோடு போட்டு எழுதிவிட்டார். பட்டை வாங்கினால், அஜீசாவுக்கு மட்டும் அரை விலை, மொத்தம் ஆறாயிரத்து முந்நூறு. வாங்காமல் அங்கே விலைப்பட்டியல் பார்த்துச் சிக்கனமாகச் சாப்பிட்டால் நாலாயிரத்துச் சொச்சம். தாளை என் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு மஃரிப் தொழப் போனார்.

தாளில் எல்லாம் இருந்தது. குக்கர் தேய்க்கிறவள் மட்டும் இல்லை.

திரும்பி வந்ததும் சொல்லிவிட்டேன். "ரம்ஜான் தையல் காசுல நான் கட்டறேன். ரெண்டு நாள் நான் யாருக்கும் எதையும் ஆக்கிப் போட மாட்டேன். அதுக்குத்தான் இந்தக் காசு. துன்றதுக்கு இல்ல."

குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. வெட்கமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் கஞ்சிக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் தாளை எடுத்துக்கொண்டு, "சரி, உன் இஷ்டம்" என்றார்.

மார்ச் 2, திங்கள்

புக் பண்ணியாச்சு. சமையலறைக் காலண்டரில் பெருநாள் 20, வெள்ளி. வெள்ளிக்கிழமை வழக்கம்போல நம் வீட்டில் விருந்து. ஜஸீமா அக்கா குடும்பம், பெரியவர்கள் சின்னவர்கள் எல்லாம் சேர்த்துப் பதினான்கு பேர். மறுநாள் 21 காலையில் கிளம்பி, 22 ராத்திரிக்குள் வீடு. நான்கு பட்டைக்கும் பணம் போய்விட்டது.

மார்ச் 11, புதன்

தையல், தையல், தையல். வேறு ஒன்றும் இல்லை.

மார்ச் 19, வியாழன்

இருபத்தொன்பதாவது நோன்பு. நோன்பு திறந்ததும் எல்லோரும் மொட்டை மாடிக்கு ஏறினோம். ஹார்பர் கிரேன்களுக்கு எதிர்ப்பக்கம், மேற்கே பார்த்து நின்றோம். மேகம். எங்கேயும் பிறை தெரியவில்லை. பள்ளிவாசல் மைக்கில் அறிவித்துவிட்டார்கள்: நாளைக்கு முப்பதாவது நோன்பு, சனிக்கிழமை பெருநாள்.

சனிக்கிழமை. 21.

நாங்கள் கிளம்ப புக் பண்ணியிருக்கிற அதே நாள். கீழே ஓடிவந்து காலண்டரைப் பார்த்தேன். என் தம்பி முபாஷிர் குவைத்திலிருந்து கொண்டுவந்து மாட்டிய கம்பெனி காலண்டர் அது. அந்த ஊர்ப் பிறைக்கு அச்சடித்தது. அங்கே எப்போதும் நமக்கு ஒரு நாள் முன்னால் என்று எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் பார்க்கிறவள்தானே. பிறையைப் பார்க்காமல் பெருநாளைக் குறித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

பார்க்குக்கு போன் போட்டேன். தேதி மாறாது. ரூம் காசும் போகும், பட்டைக் காசும் போகும்.

நாலு கிலோ கறிக்குச் சொல்லி வைத்திருக்கிறது. பதினான்கு பேர் சனிக்கிழமை மதியம் பாயில் வந்து உட்காருவார்கள். என்ன செய்வது இப்போ? பேசாமல் போகாமல் இருந்துவிடலாம். காசு போனால் போகட்டும், பேச்சு வாங்க வேண்டாம் என்றுதான் தோன்றியது.

ஜுபைரிடம் அப்படியே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "ஆறாயிரத்து முந்நூறு ரூபா சோத்த வுட்டுட்டா? இன்னா பேச்சு பேசற? தொழுதுட்டு நேரா கெளம்பறோம்" என்றார்.

எந்த ஆள் பட்டையே வேண்டாம் என்றாரோ அந்த ஆள்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஜஸீமா அக்காகிட்ட நீங்க சொல்லுங்க" என்றேன். உடனே அவருக்கு ஆபீஸ் போன் வந்துவிட்டது.

மார்ச் 20, வெள்ளி

நானே பேசினேன். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் பெருநாள் சமையலை நான் விட்டதில்லை. மாமியார் மௌத்தான பிறகு பிரியாணி ஆக்குகிற அந்தப் பெரிய தேக்ஸா என்னிடம்தான் வந்தது. தேக்ஸா எங்கேயோ அங்கேதான் விருந்து, அதை யாரும் பேசி முடிவு செய்ததில்லை.

ஜஸீமா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஜுபைரின் கூடப்பிறந்த அக்கா, அவர் ஒரு சொல் சொன்னால் ஜுபைரே நடுங்குவார்.

"பெருநாளும் அதுவுமா வூட்ட பூட்டிகினு போவியா ரூபி?"

"தப்பு என்னுதுதான் அக்கா. காலண்டர மாத்திப் பாத்துட்டேன்."

"அவன் அந்த துட்ட வுடமாட்டான், எனக்குத் தெரியாதா." பிறகு அவரே வழி சொன்னார். "சரி. தேக்ஸாவ இறக்கி வெய்யி. காலைல தொழுதுட்டு எங்க வூட்டுக்காரரு வண்டி எட்த்துகினு வருவாரு. கறிக்கடைக்கும் சொல்லிடு, அவரே வாங்கிக்கட்டும். இங்க எம்.கே.பி. நகர்லயே ஆக்கிக்கறேன். எத்தினி கிலோ அரிசிக்கு எத்தினி தண்ணி, அத மட்டும் எழுதிக் குடு."

எழுதினேன். ஒரு பக்கம் வந்தது. இதையெல்லாம் நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

ஒன்று மட்டும் இங்கே எழுதி வைக்கிறேன். உண்மையிலேயே மறந்தேனா? புக் பண்ணும்போது காலண்டரை ஒரு தடவைதான் பார்த்தேன். இரண்டாம் தடவை பார்க்கவே இல்லை.

மார்ச் 21, சனி. பெருநாள்

ரிசார்ட் ரூமில் எழுதுகிறேன். மணி ஐந்து.

காலையில் தொழுகை முடிந்ததும் ஜஸீமா அக்கா வீட்டுக்காரர் அமீருதீன் அண்ணன் தேக்ஸாவைக் கயிறு போட்டு வண்டியில் கட்டிக்கொண்டு போனார். கொஞ்சம் சேமியா பாயசம் மட்டும் காய்ச்சினேன், அது இல்லாமல் முடியாது. வாடகைக் காரில் ஏறும்போது பச்சையம்மா அக்கா, "பையில சோறு ஒண்ணும் இல்லியே?" என்று சோதித்துத்தான் விட்டார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடம். நாற்பது ஐட்டம் இருக்கும். ஜுபைர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கினார். ஒரு தட்டு முழுசாக முடியவில்லை! முப்பது நாள் பகலெல்லாம் காய்ந்த வயிறு, திடீரென்று மதியச் சோறு என்றால் எங்கே போகும்? இரண்டு கோழித்துண்டோடு அவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அஜீசா உருளைக்கிழங்கு வறுவலும் ஐஸ்கிரீமும் தவிர எதையும் தொடவில்லை. யாசின் ராட்டினத்து வரிசையில் நின்றுகொண்டிருந்தான், வந்து சேர்வதற்குள் மூன்று மணி ஆகிக் கூடத்தை மூடிவிட்டார்கள். வெளியே காசு கொடுத்து அவனுக்குப் பரோட்டா வாங்கினோம். ஜுபைர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

நாங்கள் மட்டும்தான் இந்தத் தப்பைப் பண்ணுவோம். நோன்பு முடிந்த அன்றைக்கே அளவில்லாச் சோற்றுக்குப் பணம் கட்டியவர்கள்.

பிரியாணி என்று ஒன்று வைத்திருந்தார்கள். நிறம் இருந்தது. நம் வீட்டுப் பிரியாணி ஞாபகம் வந்து தட்டைத் தள்ளி வைத்தேன், பொய் சொல்லக்கூடாது. அதே நேரத்தில் ஜஸீமா அக்கா போட்டோ அனுப்பினார், தேக்ஸாவைச் சுற்றிப் பதினான்கு பேரும். கீழே ஒரு வரி: "அடி புடிச்சிக்கிச்சு. ஆனா துன்னுட்டாங்க."

சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் நாலு தட்டையும் அடுக்கித் தூக்கிவிட்டேன். "அப்படியே வெச்சுடுங்கம்மா" என்று ஒரு பெண் வாங்கிக்கொண்டு போனாள். கையை முகர்ந்து பார்த்தேன். பெருநாள் மதியம், இஞ்சி பூண்டு வாசனை இல்லை. சந்தோஷமாக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

படகில் ஏறினேன். இரண்டு தடவை.

மார்ச் 24, செவ்வாய்

ஜுபைரின் தாள் மறுபடி மெஷின் மேல். நாங்கள் நிஜமாகத் தின்றதற்கு விலைப்பட்டியல்படி நாலாயிரத்து நூறு. நஷ்டம் இரண்டாயிரத்து இருநூறு. அடியில் கோடு போட்டிருந்தார். நான் ஒப்புக்கொண்டேன், கணக்கில் தப்பில்லை.

தாளைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஏற்காட்டுலயும் நீ படகுல வந்த இல்ல?" என்று கேட்டார்.

"வரல."

"வரலியா?"

"குக்கர் தேய்ச்சுகினு இருந்தேன்."

அவர் தாளை நாலாய் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலையில் பச்சையம்மா அக்கா, "அந்தப் பட்டை, துட்டுக்குத் தகுந்ததா கண்ணு? எங்க குப்பத்துல கேக்கறாங்க" என்றார். வயிற்றுக்கு வாங்குவதானால் வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். அங்கே போயும் சமைக்கிற ஆள் ஒருத்தி வீட்டில் இருந்தால் வாங்கச் சொன்னேன். "அப்ப எனக்குத்தான்" என்றார் அக்கா.

ஏப்ரல் 19, ஞாயிறு

ஜஸீமா அக்கா போன் பண்ணினார். பக்ரீத்துக்கும் எம்.கே.பி. நகரிலேயே வைத்துக்கொள்ளலாமாம். "நீ வந்து குந்திகினு எப்ப தம் போடணும்னு மட்டும் சொல்லு. இந்த தபா அடி புடிக்கக்கூடாது." ஜுபைர் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். சரி என்றேன்.

தேக்ஸா இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கேட்கவில்லை, அவரும் அனுப்பவில்லை. அது இருந்த மூலையில் ஜன்னலை ஒட்டித் தையல் மெஷினை நகர்த்திப் போட்டிருக்கிறேன். பகலில் லைட் போடாமலே ஊசியில் நூல் கோக்க முடிகிறது.