சடையனின் இனிஷியல்

ஆபீசர் தம்பிக்கு,

நலமா என்று கேட்கவில்லை. ஃபேனுக்கு நேர் கீழே நீ உட்கார்ந்திருந்ததைத்தான் பார்த்தேனே.

இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. கச்சிராயபாளையத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு நடந்தே வந்தேன். யுத்தத்தில் ஜப்பான்காரன் மலேயாவிலிருந்து சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போனவர்களின் பட்டியல் உங்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறது என்றார்கள். மலேயா போய்த் திரும்பாத நம் அப்பா அதில் இருக்கிறாரா என்று பார்க்கத்தான் வந்தேன்.

இருந்தார். "சடையன், மலையாளி" என்று எழுதியிருந்தது.

உன் பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். "மலையாளின்னு போட்டுக்கீது, நீ தமிழ் பேசிக்கினு வந்து நிக்கிற. இது கேரளா ஆளும்மா."

"கல்வராயன் மலையில பொறந்த எங்களுக்கும் அதாங்க ஜாதிப் பேரு" என்றேன்.

அவர் உன்னிடம் திரும்பினார். "இன்னா சார், இங்க அப்பிடி ஒரு ஜாதி கீதா?"

"எனக்கு இன்னா தெரியும்" என்றாய். ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

அந்த நாற்காலி எந்த ஜாதிச் சான்றிதழால் உனக்குக் கிடைத்தது என்று நான் வாயைத் திறக்கவில்லை. சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

துப்பாக்கியோடு நின்ற ஜப்பான்காரன் நீ யார் என்று கேட்டபோதுகூட அப்பா மலையாளி என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அவர் பெயரைக் கேரளாவுக்கு அனுப்பப் போகிறார்களாம். அனுப்பட்டும். உன் மேஜைமேல் உள்ள பெயர்ப் பலகையில் உன் பெயருக்கு முன்னால் ஒரு 'ச' நிற்கிறது. அது சடையனுடையது. கழற்றி எனக்கு அனுப்பிவிடு.

இப்படிக்கு,
உன் ஆபீசுக்கு வந்த யாரோ ஒரு மலைக்காரி